இராமபித்தீக்கசு: ஒரு தாடையெலும்பின் வரலாறு

மாந்தர் தோற்றத்தை ஆராய்வார்க்குக் கிடைக்கும் சான்றுகளுள் மிகப் பல சிதைந்த எலும்புத் துண்டுகளே ஆகும். பழஞ்சுவடியைப் பதிப்பிக்கப் புகுவார் செல்லரித்த இடங்களில் எவ்வாறு இடர்ப்படுவரோ, அவ்வாறே இவரும் எலும்பின் இல்லாத பகுதியை எண்ணி இடர்ப்படுவர். அங்ஙனம் இல்லாத பகுதியொன்றைக் கருத்தால் நிரப்பியமையின் எழுந்து, ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் அறிஞருலகில் செல்வாக்குற்றிருந்த கொள்கை ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

இமயத்தின் அடிவாரத்தில் நீண்டு கிடக்கும் சிவாலிக் குன்றுகள் புதைபடிவங்கட்குப் பெயர்பெற்றவை. இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சார்ந்த பில்கிரிம் என்பார் அங்குக் கிடைத்த வாலில்லாக் குரங்கொன்றின் எச்சத்திற்கு 1910-இல் சிவபித்தீக்கசு எனப் பெயரிட்டார். ‘பித்தீக்கசு’ என்பது குரங்கெனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் திரிபு. பின்னர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மாணவராய் இருந்த எட்வர்டு லூயிசு 1932-இல், இன்றைய இமாசலப் பிரதேசத்தைச் சார்ந்த ஹரித்தல்யங்கர் என்னும் ஊர்ப்புறத்தில் மேல்தாடையின் வலப்பகுதித் துண்டு ஒன்றனைக் கண்டெடுத்தார். 1934-இல் அதற்கு அவர் இட்ட பெயர் இராமபித்தீக்கசு பிரெவிரோசுட்ரிசு என்பது. பின்மொழி ‘குறுகிய முகவாய் உடையது’ எனப் பொருள்படும். அவ்வாண்டிலேயே வேறு துண்டுகட்குப் பிரமபித்தீக்கசு, சுக்கிரீவபித்தீக்கசு என்றும் பெயரிட்டார். மாந்தரை ஒத்ததாகத் தாம் கருதிய எலும்பிற்கு இராமன் பெயரையும், அங்ஙனம் கருதாத ஒன்றற்கு வானரவேந்தன் பெயரையும் அவர் வழங்கினமை காப்பியம் பயின்றார்க்கு நகை விளைப்பதாகும்.

லூயிசு கண்டது யாது? வாலில்லாக் குரங்குகளின் அண்ணத்தில் இருபுறக் கடைவாய்ப்பல் வரிசைகளும் பெரும்பாலும் இணைகோடுகள் போல் செல்லும்; வெட்டுப்பற்கள் முன்னே குறுக்காக நிற்கும். கோரைப்பல் நீண்டு எதிர்த்தாடைப் பல்வரிசையைக் கடந்து நிற்கும். மாந்தர்க்கோ கோரைப்பல் சிறிது. பல்வரிசை பின்னோக்கி அகன்று வில்போல் வளையும். லூயிசின் துண்டில் கோரைப்பல் இல்லை. அஃது இருந்த குழி மட்டும் சிறிதாகக் காணப்பட்டது. முகம் முன்னோக்கி மிகுதியாக நீளவில்லை. இவற்றால் அது மாந்தர் மரபின்பாற்படும் என்று அவர் கொண்டார். வாசிங்டன் அருங்காட்சியகத்து ஹர்ட்லிச்கா 1935-இல் இதனை மறுக்கவே, அவ்வெலும்பு பல்லாண்டுகள் பேசப்படாது கிடந்தது.

அதனை மீட்டெடுத்தவர் யேலின் எல்வின் சைமன்சு. அவர் 1961-இல் எழுதிய கட்டுரையில், இதுவே மாந்தர் மரபின் மிகப் பழைய எச்சம் எனக் கொண்டார். டேவிட் பில்பீம் என்பாரும் பின்னர் அவரோடு இயைந்தார். ஈண்டு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. தாடையின் நடுக்கோட்டுப் பகுதி அத்துண்டில் இல்லை. நடுக்கோடு எங்கு அமைந்தது என்பது தெரிந்தாலன்றி அண்ணத்தின் அகலம் தெரியாது. அகலம் தெரிந்தாலன்றிப் பல்வரிசை வில்லா, இணைகோடா எனத் துணிதல் ஒல்லாது. வலப்பாதியைக் கொண்டு இடப்பாதியை வரைந்தவர் நடுக்கோட்டைத் தாம் கருதிய இடத்தில் வைத்தனர், வில் தோன்றிற்று. பின்னர் அவ்வில்லே சான்றாயிற்று! கோரைப்பல் சிறுத்தமையின் கைகள் கருவியைப் பயன்படுத்தியிருத்தல் வேண்டும்; கை அவ்வாறு ஒழிந்தமையின் கால்களால் நிமிர்ந்து நடந்திருத்தல் வேண்டும் என்று மேலும் மேலும் உய்த்துணர்ந்தனர். இடுப்பெலும்போ தொடையெலும்போ ஒன்றும் கையில் இல்லை என்பதை நினைக்குங்கால் நமக்கு வியப்பே மிகுகின்றது.

இத்தகைய முடிவை ஏற்கும் மனநிலை முன்னரே உருவாகியிருந்தது என்றும் கூறலாம். மாந்தரின் பிறப்பிடம் ஆசியாவே என்னும் எண்ணம் பழையது. கடல்கொண்ட இலெமூரியாவை மக்களினத்தின் தொட்டிலாக எக்கல் என்னும் செருமானிய அறிஞர் கருதியதும், தமிழறிஞர் சிலர் அதனைக் குமரிநாட்டிற்குச் சான்றாக எடுத்தாண்டதும் நம் துறையினர் அறிந்தனவே.

மறுப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கலிபோர்னியாவைச் சார்ந்த சாரிச், வில்சன் என்னும் இருவர் குருதிப் புரதங்களை ஒப்பிட்டு, மாந்தர் மரபு ஆப்பிரிக்கக் குரங்குகளின் மரபினின்று பிரிந்து ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளே ஆயின என 1967-இல் எழுதினர். இஃது உண்மையாயின், அதனினும் மிகப் பழைய இராமபித்தீக்கசு மாந்தர் மரபினதாதல் இயலாது. எலும்பாராய்ச்சியாளர் பலர் இதனை எளிதில் ஏற்றாரல்லர். எலும்பை அறியாதார் எலும்பின் வரலாறு கூறுவதா என வெகுண்டாரும் உளர்.

வழக்கைத் தீர்த்தவை மீண்டும் எலும்புகளே. பாகித்தானத்துப் போத்வார் மேட்டுநிலத்தில் பில்பீமின் குழுவினர் அகழ்ந்தபோது, இத்தகைய தாடைகள் முன்னினும் முழுமையாகக் கிடைத்தன; பல்வரிசை வில்போல் வளைந்திலது. 1982-இல் பில்பீம் வெளியிட்ட சிவபித்தீக்கசின் முகவெலும்பு ஐயத்தை முற்றும் அகற்றிற்று. இரு கண்குழிகளுக்கும் இடைப்பட்ட பகுதி குறுகியும், கண்குழிகள் உயர்ந்தும், முகம் உட்குழிந்தும் அமைந்த அதன் தோற்றம் போர்னியோ, சுமத்திராக் காடுகளில் வாழும் ஒராங் உட்டானைப் பெரிதும் ஒத்திருந்தது. இராமபித்தீக்கசு எனப்பட்டவை சிவபித்தீக்கசின் சிறிய உருவினவே, பெரும்பாலும் பெண்விலங்குகளே, என்னும் கருத்து வலுப்பெற்றது. லூயிசு இட்ட மூன்று பெயர்களும் பில்கிரிம் இட்ட பழைய பெயருள் அடங்கின. தாம் நாட்டிய கொள்கையைத் தாமே அகழ்ந்த எலும்பு கண்டு கைவிட்ட பில்பீமின் நேர்மை போற்றத்தக்கது. லூயிசைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர் காலத்தில் ஒப்புநோக்குதற்கு உரிய தாடைகள் மிகச் சிலவே.

எனினும் ஆராய்ச்சி அத்துடன் முடிந்திலது. 1990-இல் வெளியிடப்பெற்ற சிவபித்தீக்கசின் மேற்கையெலும்புகள், கிளைகளில் தொங்கிச் செல்லும் ஒராங் உட்டானின் கையெலும்பை ஒத்தில. நாற்காலாற் செல்லும் விலங்கின் கையெலும்பையே நினைவூட்டின. முகம் ஒன்று கூற, கை வேறொன்று கூறுகின்றது. இவ்விரண்டனுள் எது உறவைக் காட்டுவது, எது வாழ்முறை ஒப்புமையால் வந்தது என்பது பற்றி அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை.