பாதை என்னும் சொல்

கிழக்கிலங்கைப் பேச்சு வழக்கிலே 'பாதை' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நிலத்தின்மேற் செல்லும் தெருவும் பாதை. ஆற்றையும் களப்பையும் கடக்க மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதப்பும் பாதை. தெரு நீரிலே முடிந்துபோகும் ஊர்களில் மிதப்பே தெருவாகிவிடுகிறது. இந்த ஒரு சொல்லுக்குள் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் உழைக்கும் மக்களின் நீண்ட வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

திருகோணமலையின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே படித்திருக்கிறோம்; மாணவருக்கும் அவ்வாறே கற்பித்திருக்கிறோம். போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1660இல் கொட்டியாரக் குடாவில் ரொபேட் நொக்ஸ் சிறைப்பட்ட கதையை நாம் அறிவோம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததையும் அறிவோம். 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டதையும் அறிவோம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று பெருமை பேசுகிறோம். அதன் ஆழத்தை வல்லரசுகள் யாவும் அளந்தன. போர்க்கப்பலுக்கு எண்ணெய் வேண்டும் என்றபோது சீனக்குடாவின் காட்டுக்குள்ளே நூறளவான பெருந்தாங்கிகள் எழுந்தன.

ஆனால் அதே குடாவின் தென்கரையில், மகாவலி கடலோடு கலக்கும் சதுப்பு நிலத்தில், கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழ்ந்த விவசாயிக்கும் மீனவனுக்கும் விறகு வெட்டிக்கும் கிடைத்தது என்ன? மிதப்புப் பாதையும் கடல் வள்ளமும் தாம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் தெரு துறைக்குத் துறை அறுந்து கிடந்தது. கிண்ணியாத் துறைக்கு 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது 2009 ஒக்டோபரில். உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளுக்கு அதன் பின்னரே பாலங்கள் வந்தன. கப்பல்களுக்காக நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டது, மனிதருக்காகச் செய்யப்பட இத்துணைக் காலம் பிடித்தது!

பெரிய துறைகள் இணைந்தன. சிறிய துறைகள் எஞ்சின. அவற்றுள் ஒன்று குறிஞ்சாக்கேணி. அங்கே புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் மக்கள் மிதப்புப் பாதையிலே களப்பைக் கடந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாட் காலை, பாடசாலைக்குப் போகும் வேளையில், அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள்.

ஊர் கொதித்தெழுந்தது. மிதப்பை நடத்தியோர் கைதாயினர். நகர சபைத் தலைவரும் கைதானார். அனுமதி கொடுத்தவர் யார், மறுத்தவர் யார் என்ற வாதம் பாராளுமன்றம்வரை சென்றது. அந்த வாதம் வேண்டியதே. எனினும் அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: பாலம் கட்டி முடியும்வரை இந்தப் பிள்ளைகள் எவ்வழியாகப் பாடசாலைக்குச் செல்வர் என்று, வேலை தொடங்குமுன் அப்பிள்ளைகளின் தாய்மாரைக் கூட்டிவைத்துக் கேட்டிருக்க வேண்டாமா? எத்தனை பேர் ஏறினால் மிதப்பு சரியும், எந்த மாதத்தில் நீரோட்டம் கடுக்கும் என்பன துறையடியில் நிற்பவருக்குத் தெரியும். அந்த அறிவு எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

நம் நாட்டில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் சுற்றாடற் சட்டத் திருத்தம், பெருந்திட்டங்களின் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கைகள்மீது பொதுமக்கள் கருத்துரைக்க முப்பது நாள் அவகாசம் தந்தது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், குறித்த தொகைக்கு மேற்பட்ட திட்டங்களைத் தொடங்குமுன் மூன்று மாதங்களுக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்கும் கடமையை அமைச்சர்கள்மீது சுமத்திற்று. ஆனால் அறிவித்தல் வேறு, கேட்டல் வேறு. பாலம் திட்டமாகிறது, பாலம் முடியும்வரை பிள்ளை நடக்கும் வழி எவருடைய திட்டமுமாவதில்லை.

இங்கே நமக்கு ஒல்லாந்தர் நினைவுக்கு வருகின்றனர். கோட்டை கட்டிய கும்பனிக்காரர் அல்லர், அந்நாட்டின் சாதாரண பெற்றோர். 1971இல் நெதர்லாந்தில் வீதி விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர். தாய்மாரும் தந்தைமாரும் தெருச் சந்திகளை மறித்து அமர்ந்தனர். 'பிள்ளைக் கொலையை நிறுத்து' என்று இயக்கம் கண்டனர். தம் தெருக்களில் வேகத்தைக் குறைக்கும் வழிகளைத் தாமே வரைந்து காட்டினர். அரசு இறங்கி வந்தது. இன்று அந்நாட்டுச் சிறுவர் துவிச்சக்கர வண்டியில் அச்சமின்றிப் பள்ளி செல்வது பொறியியலாளரின் கொடை மட்டுமன்று. போராடிப் பெற்ற உரிமை.

மக்களின் கருத்தைக் கேட்பதென்பது அதிகாரி காட்டும் தயவு அன்று. வழியிலே நடப்பவனுக்கே வழியைப் பற்றிப் பேசும் முதல் உரிமை. பேருந்து திரும்பும் சந்தியாயினும், மிதப்பு அணையும் துறையாயினும் இதுவே நியாயம். இதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. எந்தப் பிள்ளை எந்தத் துறையால் வருகிறது, மழைக்காலத்தில் எவர் வராமற் போகின்றனர் என்பதை நமது வரவு இடாப்பு சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். படித்ததை ஊர்க் கூட்டத்திலும் பிரதேச சபையிலும் எழுந்து சொல்லத் தயங்கினால், நாம் கற்பிக்கும் வரலாறு கப்பல்களின் வரலாறாகவே முடியும்.

இடாப்பிலே ஒரு பெயரை அழைத்துவிட்டு, மறுமொழி வராத அமைதியைக் கேட்டு நிற்கும் காலை இனி எந்த வகுப்பறைக்கும் வரலாகாது.