ஒன்றேகால் மணி நேரம்

கதை எழுதுகிறவனுக்கு மற்றவர்களுக்கு இல்லாத சில தொல்லைகள் உண்டு. என் கதாநாயகனைச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மயிலிட்டியில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி. பையன் எத்தனை நேரத்தில் போய்ச் சேருவான்? இதற்கு விடை தேடப் போய்ச் சரித்திரத்தில் விழுந்துவிட்டேன்.

தூரத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. மீனம்பாக்கமும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நேர் தெற்கே சுமார் 355 கிலோமீட்டர். ஆகாய மார்க்கத்தில் மதுரைகூட இதைவிடத் தொலைவு! திருச்சியிலிருந்து என்றால் 185 கிலோமீட்டர்தான்.

இந்தப் பாதையில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தேன், 43 நிமிஷம் வந்தது. கால அட்டவணையோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி என்கிறது. என் கணக்கிலும் பிழையில்லை, அட்டவணையிலும் பிழையில்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுபடி நிற்கும் வரை அவர்கள் கணக்கு. தரையில் ஊர்வதும், மேலே ஏறுவதும், நிதானமாக இறங்குவதும் அதில் சேர்த்தி.

பலாலி ஓடுதளம் இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்காக அமைந்தது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி 'ஏர் சிலோன்' கம்பெனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்கு வந்தது. அந்த டகோட்டாவின் பெயர் 'சீதா தேவி'. இலங்கையிலிருந்து சீதை ஆகாய மார்க்கமாக வந்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது புஷ்பக விமானத்தில் அல்லவா?

டகோட்டாவுக்கு மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை மணிக்குள் வேலை முடிந்துவிடும். ஆக, அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசமில்லை. நடுவில் இருந்த காலம்தான் வேறு.

1978-க்குப் பிறகு சென்னையிலிருந்து பலாலிக்குப் பிரயாணிகள் விமானம் இல்லை. யாழ்ப்பாணம் போகிறவர்கள் அதைத் தாண்டித் தெற்கே கட்டுநாயக்காவுக்குப் பறந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி வர வேண்டியதாயிற்று. யுத்தம் முற்றியதும் அந்த வழியும் அடைபட்டது. பலாலி ராணுவத்தின் கையில் இருந்தது. 1990-ல் மயிலிட்டி முதலான சுற்றுவட்டாரக் கிராமங்களின் ஜனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். ஆனையிறவு வழியாகப் போக முடியாமல், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகேறிக் கடந்தார்கள். அதில் உயிரை விட்டவர்களும் உண்டு.

யுத்தம் 2009-ல் முடிந்தது. பத்து வருஷம் கழித்து, 2019 அக்டோபர் 17-ஆம் தேதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் சென்னையிலிருந்து விமானம் வந்தது. நாலே மாதத்தில் கொரோனா வந்து அதையும் நிறுத்தியது. 2022 டிசம்பர் 12-ஆம் தேதி மீண்டும் தொடங்கிற்று.

ஆகவே வாசகர்களே, இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் பூகோளம் பதில் சொல்லும். எவ்வளவு நேரம் என்று கேட்டால், எந்த வருஷத்தில் என்று சரித்திரம் திருப்பிக் கேட்கும்.

என் கதை நடப்பது 1992-ல். ஒன்றேகால் மணி நேரம் என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன். மயிலிட்டியையும் அடிக்க வேண்டியதாயிற்று. தாயார் அங்கே இல்லை. இப்போது பையன் கிளாலிக் கடல்நீரேரியின் தென்கரையில், இருட்டில், படகுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். எப்போது போய்ச் சேருவான் என்று எனக்கே தெரியவில்லை.