காலமுறைப் பணிகளின் நேர ஒதுக்கீடு

குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப நடந்தாக வேண்டிய கணினிப் பணிகள், ஒவ்வொரு முறையும் தத்தம் கெடுவுக்குள் முடியும்படி நுண்செயலியின் நேரத்தைப் பங்கிடும் முறை. காரின் ஏபிஎஸ் பிரேக், ராக்கெட்டின் வழிகாட்டிக் கணினி, ஆலைகளின் ரோபோக்கள் போன்றவற்றில் ஓடும் நிகழ்நேர இயங்குதளங்களின் அடிப்படை வேலை இது. இங்கே சராசரி வேகம் போதாது. மிக மோசமான நெருக்கடியிலும் கெடு தவறாது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

அடிப்படைக் கணக்கு

ஒரு பணியை அதன் சுழற்சிக்காலமும், ஒரு சுற்றுக்கு அதிகபட்சமாக எடுக்கும் நேரமும் வரையறுக்கின்றன. அந்நேரத்தைச் சுழற்சிக்காலத்தால் வகுத்தால் கிடைப்பது அப்பணியின் சுமை. பெரும்பாலும் அடுத்த சுற்றின் தொடக்கமே நடப்புச் சுற்றின் கெடு. 1973இல் லியு, லேலண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளமிட்டது. அது இரண்டு முறைகளை ஆராய்ந்தது:

*நிலை முன்னுரிமை:* சுழற்சிக்காலம் குறைந்த பணிக்கு நிரந்தரமாக உயர்ந்த முன்னுரிமை. பணிகள் எத்தனை இருந்தாலும் மொத்தச் சுமை சுமார் 69 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் கெடு தவறாது. மூன்று பணிகள் என்றால் வரம்பு சுமார் 78 விழுக்காடு.

*கெடுவழி முன்னுரிமை:* எந்தப் பணியின் கெடு மிக அருகில் உள்ளதோ அதற்கே முதலிடம். ஒற்றை நுண்செயலியில் சுமை 100 விழுக்காடு வரை தாங்கும். லினக்ஸ் இயங்குதளம் 2014இல் இம்முறையைத் தன் உட்கருவில் (kernel) சேர்த்துக்கொண்டது.

நிலை முன்னுரிமையின் வரம்பைத் தாண்டினாலே கெடு தவறும் என்பதில்லை. 4, 6, 12 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் மூன்று பணிகள் முறையே 1, 2, 3 மில்லிநொடி எடுக்கின்றன என்று கொள்வோம். சுமை 83 விழுக்காடு. மூன்றும் ஒரே கணத்தில் தொடங்கினால் கடைசிப் பணி 3ஆம், 5ஆம், 9ஆம் மில்லிநொடிகளில் கிடைக்கும் இடைவெளிகளில் ஓடி 10ஆம் மில்லிநொடியில் முடிகிறது; கெடு 12. இப்படி ஒவ்வொரு பணியின் மோசமான முடிவு நேரத்தைத் துல்லியமாகக் கணிக்கும் வழியை மத்தாய் ஜோசப், பரிதோஷ் பாண்டியா ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்டனர்.

முன்னுரிமைத் தலைகீழ்

மேற்கண்ட கணக்கு, பணிகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கிறது. நடைமுறையில் அவை நினைவகத்தையும் கருவிகளையும் பூட்டிப் பகிர்கின்றன. கீழ்நிலைப் பணி பூட்டை வைத்திருக்கையில் இடைநிலைப் பணி அதை முந்தினால், பூட்டுக்காகக் காத்திருக்கும் மேல்நிலைப் பணியும் முடங்கும்.

இதற்கான தீர்வை 1990இல் முறைப்படுத்திய மூவரில் ஒருவர் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ரகுநாதன் ராஜ்குமார். மற்ற இருவர் லுயி ஷா, ஜான் லெஹாஸ்கி. 'முன்னுரிமை மரபேற்பு' எனப்படும் இத்தீர்வில், பூட்டை வைத்திருக்கும் பணி, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறுகிறது. இதனால் இடைநிலைப் பணி குறுக்கிட முடியாது. ராஜ்குமார் பின்னர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியராகத் தானோட்டிக் கார் ஆய்வில் ஈடுபட்டார்.

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் இந்த முன்னுரிமைத் தலைகீழ்க் கோளாறு நிகழ்ந்தது. அதில் 125 மில்லிநொடிக்கு ஒருமுறை தரவுப் பகிர்வு முடிந்தாக வேண்டும். வானிலைப் பணி பிடித்திருந்த பூட்டால் பகிர்வுப் பணி தாமதமாக, காவல் ஏற்பாடு கணினியை மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்தது. விண்கலத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் முன்னுரிமை மரபேற்பு வசதி ஏற்கெனவே இருந்தது. குறிப்பிட்ட பூட்டுக்கு அது இயக்கப்படவில்லை. பூமியிலிருந்தே அதை இயக்கிச் சரிசெய்தனர்.

நடைமுறை

விஎக்ஸ்வொர்க்ஸ், ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற இயங்குதளங்கள் முன்னுரிமை எண்ணையே கேட்கின்றன. சுழற்சிக்காலத்துக்கேற்ப அதை வகுப்பது பொறியாளர் பொறுப்பு. ஒவ்வொரு சுற்றும் முடிந்த பின் 10 மில்லிநொடி உறங்கும்படி எழுதினால், வேலை நேரமும் அதனுடன் சேர்ந்து சுற்று மெல்ல நழுவும். முந்தைய விழிப்பு நேரத்திலிருந்து கணக்கிட்டால் இடைவெளி மாறாது. பல்கரு நுண்செயலிகளில் ஒற்றைக் கருவுக்கான இவ்வரம்புகள் அப்படியே பொருந்தா. எனவே பணிகளைக் கருக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே இக்கணக்கைச் செய்வது வழக்கம்.