முராஹிலீன்

சூடானில் மாடு மேய்க்கும் மிசிரியா, ரிசைகாத் என்னும் அரபுப் பழங்குடிகளின் ஆயுதக் குழுவினரைக் குறிக்கும் அரபுச் சொல், பன்மை. வேர் 'ர-ஹ-ல': பயணப்படுதல், இடம்பெயர்தல். (மதுரைக்கு வந்துபோன இபின் பதூதாவின் பயண நூல் 'ரிஹ்லா' எனப்படுவதும் இந்த வேரால்தான்.)

ஆதியில் இச்சொல்லில் ரத்தவாடை இல்லை. மந்தையோடு நடந்து, வழியில் அதற்குக் காவல் நின்ற இளைஞர்களின் பெயர் அது. வடக்குக்கும் தெற்குக்கும் இடையே 1980களில் நடந்த உள்நாட்டுப் போரில் கார்ட்டூம் அரசு அவர்கள் கையில் துப்பாக்கியைத் திணித்தது. தெற்கே வாழும் டிங்கா மக்களின் ஊர்கள் எரிந்தன. மாடுகளோடு பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துப் போனார்கள். மேய்ப்பர் பெயர் கொள்ளைப்படையின் பெயரானது. இதை வெறும் 'பழங்குடிச் சண்டை' என்று எழுதுவது அரசைத் தப்பவிடுவதாகும்.

வறண்ட பருவத்தில் மிசிரியாக்கள் தண்ணீர் தேடித் தெற்கே அப்யெய் பகுதிக்கு வருவார்கள். அங்குள்ள ஆறு டிங்காக்களுக்குக் கீர், வடக்கத்தியருக்கு பஹ்ருல் அரப். அங்கேதான் 2008இன் தொடக்கத்தில் மிசிரியாக்களும் தென்சூடான் படைவீரர்களும் மோதினர். 2009இல் ஹேக் நடுவர் மன்றம் அப்யெயின் எல்லையை வரையறுத்தது; மேய்ச்சல் உரிமையில் கைவைக்கவில்லை. 2011இல் தென்சூடான் தனிநாடானது. அப்யெய் சூடானுக்கா தென்சூடானுக்கா என்பது இன்னும் முடிவாகவில்லை.