படுவான்கரையின் துவக்குகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற பக்கம் படுவான்கரை. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில், சூரியன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. படுவான்கரையின் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே அந்நிலத்தின் வரலாறு விளங்கும். கரடியனாறு, புலிபாய்ந்தகல், ஆனைகட்டியவெளி. மனிதன் விலங்கினிடமிருந்து இரவல் வாங்கிய நிலம் அது. அங்கே வேளாண்மை செய்தவன் விதைப்பு முடிந்த நாள் தொட்டு அறுவடை வரை பரணில் கண் விழித்துக் கிடந்தான். பன்றிக் கூட்டம் ஓரிரவில் ஒரு வயலை உழுதுவிட்டுப் போகும். யானை வந்தால் வயலோடு வாடியும் போகும். எனவே துவக்கு என்பது அங்கே வீரத்தின் சின்னமன்று. மண்வெட்டியைப் போல ஒரு கருவி.

'எளியவன் வாங்கக்கூடிய நல்ல வேட்டைத் துவக்கு எது?' என்ற கேள்விக்கு உலகின் பல நாடுகளில் நூறாண்டுகளாக ஒரே விடைதான். போல்ட் அக்‌ஷன் றைபிள். கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியோடு கூடிய ஓர் உருளையை முன்னே தள்ளித் தோட்டாவை அறைக்குள் செலுத்திக் கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். சுட்டபின் உயர்த்திப் பின்னே இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே விழும். உறுப்புகள் குறைவு, பழுது குறைவு, விலையும் குறைவு. இந்த விடை ஏன் படுவான்கரைக்கு மட்டும் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழகத்தார் துப்பாக்கி என்பர். ஈழத்தவர் துவக்கு என்போம். சிங்களவர் துவக்குவ என்பர். மூன்றும் துருக்கிய, பாரசீக மொழிகளில் வழங்கிய ஒரே சொல்லின் பேரப்பிள்ளைகள். சொல் வந்த வழியே கருவியும் வந்தது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். வெடிமருந்தின் மணம் வாவிக் கரைக்குப் பழகிப்போயிற்று.

ஆனால் காட்டுக்குள் இருந்தவனுக்கு அது எட்டவில்லை. 1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூலில் ஒரு செய்தி உண்டு. வேடர்கள் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவர். தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவத்தில் ஓர் இலையைக் கத்தரித்து அதனருகே வைத்துவிட்டுப் போவர். கொல்லன் அவ்வண்ணமே செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி வரும்; செய்யாவிட்டால் இரவில் அவன்மீது அம்பு வரும். இத்தீவில் ஆயுதக் கொள்வனவு பற்றி எழுதப்பட்ட குறிப்புகளில் இதைவிடச் சுவையானதை நான் படித்ததில்லை. வாங்குபவன் தன் தேவையைத் தானே வரைந்து காட்டினான். விலையைத் தன் உழைப்பால் கொடுத்தான். இடையில் கடைக்காரனும் இல்லை, கச்சேரியும் இல்லை.

பிரித்தானியர் காலத்தில் இந்நிலை தலைகீழாயிற்று. 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களை நூல்களாக எழுதினார். அவர் இத்தீவுக்குக் கொண்டுவந்த றைபிள்களில் ஒன்று பிறிஸ்டலில் அவருக்கென்றே செய்யப்பட்டது. 21 இறாத்தல் எடை. நான்கு அவுன்ஸ் குண்டு. அதைச் சுமக்க ஆள் வேண்டும். வாங்கப் பெருஞ்செல்வம் வேண்டும். மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறப்பதற்கு முன் 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டதாகக் கணக்கு. அன்று யானையைக் கொன்றவருக்கு அரசே சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று எமர்சன் ரெனன்ட் 1859இல் எழுதினார். அதே காலத்தில் ஏறாவூர்ப் பணிக்கர்கள் தோற்கயிறும் துணிவும் கொண்டு யானையை உயிரோடு பிடித்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

போல்ட் அக்‌ஷன் றைபிள் படையின் கருவியாகவே பிறந்தது. 1895இல் பிரித்தானியரின் லீ என்பீல்ட், 1898இல் ஜேர்மனியரின் மவுசர். 1899இல் தொடங்கிய தென்னாபிரிக்கப் போரில் போயர் விவசாயிகள் மவுசர் றைபிளைக் கொண்டு ஒரு பேரரசையே திணறவைத்தனர். அப்போருக்கு இலங்கையிலிருந்தும் தோட்டத்துரைமார் போயினர். அங்கே சிறைப்பட்ட போயர்களில் ஏறக்குறைய 5,000 பேர் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஏங்கல்பிரெக்ட் போர் முடிந்தும் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இங்கேயே தங்கினார். பின்னர் யாலைக் காட்டின் முதல் காவலரானார். எதிரியின் குறிபார்க்கும் திறமையைத் தன் காட்டைக் காக்கப் பயன்படுத்திக்கொண்டது பேரரசு.

போர்முனையில் பழகிய இக்கருவி விரைவிலேயே வேட்டைக்கு வந்தது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றமைக்காக ஜிம் கோர்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது இலண்டன் றிக்பி நிறுவனத்தின் மவுசர் வகை றைபிளே. இரண்டு உலகப் போர்களும் முடிந்தபின் படைகள் கழித்த றைபிள்கள் இலட்சக்கணக்கில் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அவற்றின் மரப்பாகத்தைச் செதுக்கிக் குறைத்து மான் வேட்டைக்குக் கொண்டுபோயினர். மலிவு என்றால் எத்தகைய மலிவு? 1963இல் ஜனாதிபதி கென்னடியைக் கொன்ற இத்தாலிய றைபிள், தொலைநோக்கியோடு 19 டொலர் 95 சதத்துக்குத் தபாலில் வாங்கப்பட்டது. தபால் வழி விற்பனையைத் தடுக்கும் சட்டம் அங்கே 1968இல்தான் வந்தது.

இலங்கையில் சட்டம் மிக முன்னரே வந்துவிட்டது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் துவக்கு வைத்திருத்தலாகாது என்றது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். முந்திய ஆண்டு, 1915இல், நாட்டில் நடந்த கலவரத்தையும் அதை அரசு அடக்கிய விதத்தையும் அறிந்தவர்கள் இந்தச் சட்டத்தின் ஆண்டை மறக்கமாட்டார்கள். குடிமக்கள் கையில் எத்தகைய துவக்கு இருக்கலாம் என்பதை விலை மட்டும் தீர்மானிக்கவில்லை. ஆட்சியின் அச்சமும் சேர்ந்தே தீர்மானித்தது.

இதன் விளைவாகப் படுவான்கரையில் துவக்குகள் மூன்று சாதிகளாயின. றைபிள் துரைமாருக்கும் அவர்களோடு வேட்டைக்குப் போன சில பெரிய மனிதர்களுக்கும் உரியது. தோட்டாத் துவக்கு, அதாவது 12ஆம் இலக்க ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல், போடியார்மாருடையது. மூன்றாவது இடியன். குழலின் வாய்வழியே மருந்தையும் ஈயத்தையும் இட்டுக் கம்பியால் இடித்து இறுக்கிச் சுடும் நாட்டுத் துவக்கு. போடியாரின் வயலில் வேலை செய்த முல்லைக்காரனுக்கும் காட்டோரத்துச் சேனைக்காரனுக்கும் கிடைத்தது அதுவே. கொல்லன் செய்து கொடுப்பான். கடையில் வாங்கத் தோட்டா வேண்டியதில்லை.

நான் செய்தி சேகரிக்கப் படுவான்கரைக்குப் போய்வந்த நாட்களில், முதியவர்கள் இந்த வேறுபாட்டை வேறு விதமாக விளக்கக் கேட்டிருக்கிறேன். "றைபிள் வெடி ஊர் தாண்டிப் போகும், தம்பி. பக்கத்து வயல் பரணிலும் மனிசன்தானே கிடக்கிறான்?" என்றார் ஒருவர். பேச்சில் ஆழ்ந்த நியாயம் இருந்தது. 303 றைபிளின் சன்னம் இரண்டு கிலோமீற்றருக்கும் அப்பால் பறக்கும். தட்டையான வயல்வெளியில், இருட்டில், நாற்புறமும் காவற்பரண்கள் இருக்கும்போது அது பன்றிக்கு ஆகும் கருவியன்று. 12ஆம் இலக்கத் துவக்கின் சிறு ஈயக்குண்டுகள் சில நூறு யார் தூரத்துக்குள் வலுவிழந்து விழுந்துவிடும். புதர்க்காட்டில் விலங்கு கண்ணில் படும் தூரமும் அவ்வளவு பெரிதன்று. பரந்த புல்வெளியில் மானைத் தேடும் கனடாக்காரனுக்குச் சரியான விடை, வாவிக்கரை வேளாண்மைக்காரனுக்குச் சரியானதன்று. சட்டம் அச்சத்தால் மறுத்ததை, நிலமும் தன் போக்கில் மறுத்தது எனலாம்.

1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையின் எல்லையை மேலும் சுருக்கியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்காடுகளைப் பெருமளவில் அழித்தது. காடிழந்த யானை வயலைத் தேடி வந்தது. யானையைச் சுடுவது குற்றம், சுடாவிட்டால் பட்டினி. இந்த இக்கட்டில்தான் படுவான்கரை இன்றும் நிற்கிறது.

பின்னர் துவக்கின் பொருளே மாறிப்போயிற்று. 1971 ஏப்ரலில் தெற்கின் கிளர்ச்சியாளர்கள் முதலில் தேடியது வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளையே. எண்பதுகளில் வடக்கிலும் கிழக்கிலும் அதே கதை. அரசும் கேட்டது, இயக்கங்களும் கேட்டன. பன்றி விரட்டிய இரட்டைக்குழல் ஒருநாள் ஒருவர் கையிலும் மறுநாள் இன்னொருவர் கையிலும் இருந்தது. 1985இல் ஊர்காவற்படை அமைந்தபின் எல்லைக் கிராமங்களில் சிலருக்குத் துவக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஊரவனுக்கு மறுக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வயல் வரம்பால் மட்டும் பிரிந்து வாழும் ஒரு மாவட்டத்தில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அக்காலத்து இழவுச் செய்திகளை எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

2007இல் குடும்பிமலை படையினர் வசமானது. 2009இல் போர் முடிந்தது. மக்கள் திரும்பி வந்தபோது, அவர்கள் இல்லாத ஆண்டுகளில் வயல்கள் காடாகி, யானைகள் அங்கே குடியேறியிருந்தன. உரிமம் பெற்ற துவக்கு அரிது. எனவே மலிவைத் தேடும் மனம் இன்னும் கீழே இறங்கியது. கட்டுத்துவக்கு என்பது ஓர் இரும்புக் குழாய், சிறிது மருந்து, விலங்குத் தடத்தின் குறுக்கே கட்டிய கம்பி. அதற்குப் பன்றியும் தெரியாது, விறகுக்குப் போகும் மனிதனும் தெரியாது. முழங்கால் உயரத்தில் எது வந்தாலும் வெடிக்கும். 1996இல் சுடுகலன் சட்டம் கடுமையாக்கப்பட்டும் அது ஒழியவில்லை. இன்னொன்று, உணவுக்குள் மறைத்து வைக்கப்படும் வெங்காய வெடி. அதைக் கடித்த யானைக்கன்று வாய் சிதைந்து, உண்ண முடியாமல், நாட்கணக்கில் நின்று சாகும். 2023இல் மட்டும் இலங்கையில் 450க்கும் அதிகமான யானைகளும் 150க்கும் அதிகமான மனிதரும் இம்மோதலில் இறந்தனர். இறந்த யானைகளில் பல துவக்குச் சூட்டால் மாண்டவை.

ஒருவன் தன் முகத்தைக் காட்டி, பெயரைப் பதிந்து, பயிற்சி பெற்று வாங்கும் துவக்குக்கு ஒரு பொறுப்பு உண்டு. யார் சுட்டது என்று கேட்க முடியும். கம்பி கட்டிவிட்டு வீட்டில் உறங்குபவனை யார் கேட்பது? எல்லோருக்கும் துவக்கு கொடுங்கள் என்று நான் வாதிடவில்லை. துவக்கின் விளைவுகளை அருகிருந்து பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆயினும் வேளாண்மைக்காரனின் பயிரைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியை நூறாண்டுகளாகத் தள்ளிப்போட்டதன் விலையையே கட்டுத்துவக்கும் வெங்காய வெடியும் இன்று வசூலிக்கின்றன. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் மின்வேலியும், காலந்தாழ்த்தாத நட்டஈடும், யானைக்கு விட்டுக்கொடுக்கும் காட்டுவழியும் எந்த றைபிளைவிடவும் மலிவானவை. அவற்றைத் தரவேண்டியவர் கச்சேரியில் இருக்கிறார், வயலில் இல்லை.

வெளிநாடுகளில் வாழும் மட்டக்களப்பார்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனாரின் பழைய அனுமதிப்பத்திரமோ, பரண் காவல் பற்றிய நினைவுகளோ வீட்டில் இருக்கக்கூடும். ஊரில் முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அரசர்களின் வாள்களுக்கு நூதனசாலை உண்டு. இடியனோடு விழித்திருந்தவர்களின் இரவுகள் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.