துண்டும் முன்பணமும்: கடல் கடந்த உழைப்பின் கடன் வரலாறு

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியதைத் தொடர்ந்து தோட்ட முதலாளிகளுக்கு மலிவான உழைப்பு வேறு வழியில் தேவைப்பட்டது. மொரிசியசுக்கும் பிஜிக்கும் ஆண்டுக்கணக்கில் கையெழுத்திட்ட ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டனர். இலங்கை மலையகத்தின் காப்பித் தோட்டங்களுக்கோ பெரும்பாலும் அத்தகைய ஒப்பந்தம் இன்றியே, கடனை மட்டும் நம்பி, தமிழகத்திலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர்.

திரட்டியவர் கங்காணி. தோட்டத் துரையிடம் முன்பணம் பெற்றுத் தம் ஊருக்கே திரும்பி, உறவினரையும் ஊராரையும் கூட்டிவந்து, வேலைத்தலத்தில் அவர்களை மேற்பார்த்த இடைத்தரகர் அவர். குடும்பத்தின் பழைய கடனைத் தீர்க்கக் கொடுத்த தொகையும், வழிச்செலவும், படகுக் கூலியும் தொழிலாளியின் பெயரிலேயே பற்று எழுதப்பட்டதால், முதல் நாள் வேலைக்கு இறங்குமுன்னரே அவர் கடனாளியாகியிருந்தார். கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்க, தோட்டம் அளந்த அரிசியின் விலையும் அதிலேயே கழிக்கப்பட்டது. வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், நோயுற்றவரையும் மலைக்கு ஏற்றிவிடுவதில் அவருக்கு ஆதாயம் இருந்தது.

இம்முறையின் உச்சம் 'துண்டு' எனப்பட்ட சீட்டாகும். கங்காணியும் அவருடைய ஆட்களும் தர வேண்டிய தொகையைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதித் தரும் அத்தாளைக் கொண்டு, கங்காணி வேறு தோட்டத்தை நாடுவார். புதிய துரை பழைய கடனை அடைத்து, அதற்கு மேலும் முன்பணம் தருவார். அந்தச் சுமை முழுவதும் கணக்கில் ஆட்களின் தலையில் ஏறும். ஆட்களை விற்கும் சந்தை எங்கும் கூடவில்லை. எனினும் அவர்களின் கடன் கைமாறியபோதெல்லாம் அவர்களும் கைமாறினர்.

இலங்கையில் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்த பின்பும், கங்காணி வழியான ஆள்திரட்டல் 1938 வரை நீடித்தது. சொந்தக்காரரே அழைத்துச் சென்றதால் அது விருப்பப் பயணம் என்ற வாதம் அக்காலத்தில் செல்லுபடியானது. மனிதக் கடத்தலை வரையறுத்த 2000ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் நெறிமுறை அவ்வாதத்தை மறுக்கிறது: வஞ்சித்தோ, ஒருவரின் நலிந்த நிலையைப் பயன்படுத்தியோ சுரண்டலுக்காக ஆள்திரட்டினால், அவர் இசைந்தார் என்பது குற்றத்தைக் குறைக்காது.

இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தெற்காசியத் தொழிலாளரிடம் விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் முகவர் வாங்கும் பெருந்தொகை, நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் புரட்டப்படுகிறது; அதை அடைக்கும்வரை வாக்களித்த சம்பளம் கிடைக்காவிட்டாலும் ஊர் திரும்ப இயலாது. வேலை முகவர் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்பது 1997இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 181ஆம் உடன்படிக்கையின் பொது விதி. ஆட்களை அனுப்பும் நாடுகளும் பெறும் நாடுகளும் அதைச் சட்டமாக்கி, ஆள்சேர்ப்புச் செலவு முழுவதையும் வேலை கொடுப்பவரே ஏற்கச் செய்ய வேண்டும்.