பூல் மேசைக் குழிகளின் அளவு

பூல் மேசைக் குழிகளின் அளவு என்பது பூல் விளையாட்டு மேசையிலுள்ள ஆறு குழிகளின் (பாக்கெட்டுகளின்) வாய் அகலம், வெட்டுக் கோணம், மேடை ஆழம் ஆகியவற்றைக் குறிக்கும். ஒரே நீள அகலம் கொண்ட இரண்டு மேசைகளில் ஒன்று எளிதாகவும் மற்றொன்று மிகக் கடினமாகவும் இருப்பதற்கு இவ்வளவுகளே முதன்மையான காரணம் ஆகும். கடந்த சில பத்தாண்டுகளில் தொழில்முறைப் போட்டி மேசைகளின் குழிகள் படிப்படியாகக் குறுகி வந்துள்ளன. இம்மாற்றம் தொழில்முறை ஆட்டத்தின் உத்திகளையும், பொழுதுபோக்காக விளையாடுவோரின் அனுபவத்தையும் வெவ்வேறு வகையில் பாதித்துள்ளது.

அளவுகளும் சொற்களும்

பூல் மேசையில் நான்கு மூலைக் குழிகளும், நீண்ட பக்கங்களின் நடுவில் இரண்டு பக்கக் குழிகளும் உள்ளன. பந்தின் விட்டம் 2.25 அங்குலம் (5.715 செ.மீ.) ஆகும். ஒன்பது அடி மேசை எனப்படும் போட்டி மேசையின் விளையாடும் பரப்பு 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் (254 × 127 செ.மீ.) கொண்டது.

குழியின் கடினத்தன்மையைத் தீர்மானிக்கும் கூறுகள் பின்வருமாறு:

வாய் அகலம்: குழியின் இருபுறமும் உள்ள குஷன் முனைகளுக்கு இடைப்பட்ட தூரம். உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் விவரக்குறிப்பின்படி மூலைக் குழியின் வாய் 4.5 முதல் 4.625 அங்குலமாகவும் (11.43–11.75 செ.மீ.), பக்கக் குழியின் வாய் 5 முதல் 5.125 அங்குலமாகவும் (12.7–13.02 செ.மீ.) இருத்தல் வேண்டும். பக்கக் குழி மூலைக் குழியைவிட அரை அங்குலம் அகலமாக இருப்பது வழக்கம்.

வெட்டுக் கோணம்: குஷனின் நேர்கோட்டுக்கும் குழிக்குள் திரும்பும் தாடைக்கும் இடைப்பட்ட கோணம். மூலைக் குழிக்கு இது 142 பாகையும் பக்கக் குழிக்கு 104 பாகையும் ஆகும். மூலைக் குழியில் இக்கோணம் 135 பாகையாக இருந்தால் இரு தாடைகளும் ஒன்றுக்கொன்று இணையாக அமையும். அதைவிடக் கூடுதலாக இருப்பதால் தாடைகள் உள்நோக்கிக் குறுகிச் செல்கின்றன. கோணம் கூடும்போது, தாடையில் பட்ட பந்து எதிர்த்தாடையில் மோதி வெளியே வந்துவிடும் வாய்ப்பும் கூடுகிறது.

மேடை ஆழம்: வாயின் கோட்டிலிருந்து கற்பலகை வெட்டப்பட்ட விளிம்பு வரையுள்ள தூரம். மூலைக் குழிகளில் இது 1 முதல் 2.25 அங்குலம் வரை இருக்கலாம். மேடை ஆழமாக இருந்தால், வாயைக் கடந்த பந்தும் விழாமல் விளிம்பில் நின்றுவிடலாம்.

ஆகவே வாய் அகலம் மட்டும் குழியின் கடினத்தன்மையைக் காட்டுவதில்லை. அகலமான வாயும் ஆழமான மேடையும் கொண்ட குழி, குறுகிய வாயும் ஆழம் குறைந்த மேடையும் கொண்ட குழியைவிடக் கடினமாக இருக்கக்கூடும்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சுமார் 5 அங்குல வாய் கொண்ட மூலைக் குழிகளே பொதுவாக இருந்தன. அமெரிக்க பில்லியர்ட் காங்கிரசின் பழைய விவரக்குறிப்பு மூலைக் குழிக்கு 4.875 முதல் 5.125 அங்குலம் வரையும், பக்கக் குழிக்கு 5.375 முதல் 5.625 அங்குலம் வரையும் அனுமதித்தது. 1961 இல் அறிமுகமான பிரன்ஸ்விக் நிறுவனத்தின் கோல்டு கிரௌன் மேசைகள் இத்தகைய அகலமான குழிகளுடன் பூல் கூடங்களில் பரவின.

பின்னர் டயமண்ட் முதலிய நிறுவனங்களின் 4.5 அங்குல மூலைக் குழி மேசைகள் போட்டிகளில் இடம்பெறத் தொடங்கின. இவ்வகலம் பந்தின் விட்டத்தைப் போல் சரியாக இரு மடங்கு ஆகும். இரண்டு பந்துகளை வாயில் அருகருகே வைத்துப் பார்த்து, இடைவெளி இல்லாமல் பொருந்தினால் அது 4.5 அங்குலக் குழி என்று ஆட்டக்காரர்கள் அறிந்துகொள்வது வழக்கம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மாட்ச்ரூம் நிறுவனம் 2018 இல் யூ.எஸ். ஓப்பன் ஒன்பது பந்துப் போட்டியின் உரிமையைப் பெற்று, 2019 முதல் அதை நடத்தியது. 2020-களில் அந்நிறுவனம் நடத்திய முக்கியமான ஒன்பது பந்துப் போட்டிகளில் சுமார் 4 அங்குலம் (10.16 செ.மீ.) வரை குறுகிய மூலைக் குழிகள் பயன்படுத்தப்பட்டன. இது உலக சங்கத்தின் விவரக்குறிப்பில் உள்ள கீழ் எல்லையைவிடக் குறைவானது. இதனால் குழிகள் எவ்வளவு குறுகலாம் என்ற விவாதம் ஆட்டக்காரர்களிடையே வலுப்பெற்றது.

வடிவியல் விளக்கம்

வாய் அகலத்தில் ஏற்படும் சிறிய மாற்றம் ஆட்டத்தில் பெரிய மாற்றமாக வெளிப்படுகிறது. பந்தின் மையம் தாடைகளில் படாமல் கடந்துசெல்லக்கூடிய இடைவெளி, வாய் அகலத்திலிருந்து பந்தின் விட்டத்தைக் கழித்தால் கிடைக்கும். நேராகக் குழியை நோக்கிச் செல்லும் பந்துக்கு இது பின்வருமாறு அமையும்:

5 அங்குல வாய்: 2.75 அங்குல இடைவெளி
4.5 அங்குல வாய்: 2.25 அங்குல இடைவெளி
4 அங்குல வாய்: 1.75 அங்குல இடைவெளி

5 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகும்போது வாய் 20 விழுக்காடு குறைகிறது. ஆனால் பயன்படும் இடைவெளி சுமார் 36 விழுக்காடு குறைகிறது. குழியிலிருந்து 40 அங்குலத் தொலைவில் உள்ள பந்துக்கு அனுமதிக்கப்படும் திசைப்பிழை 5 அங்குல வாயில் இருபுறமும் ஏறத்தாழ 2 பாகையாகவும், 4.5 அங்குல வாயில் 1.6 பாகையாகவும், 4 அங்குல வாயில் 1.25 பாகையாகவும் இருக்கும்.

இவை இலக்குப் பந்தின் திசைப்பிழைகள் ஆகும். வெள்ளைப் பந்தின் திசையில் ஏற்படும் பிழை, மோதலின்போது பல மடங்காகப் பெருகுகிறது. வெள்ளைப் பந்து இலக்குப் பந்திலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் நேர்கோட்டில் இருந்தால் இப்பெருக்கம் சுமார் 16 மடங்காகும். ஆகவே 4.5 அங்குலக் குழியில் மேற்கண்ட அடியைச் சரியாக அடிக்க, ஆட்டக்காரர் ஒரு பாகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குள் குறிபார்க்க வேண்டும்.

நடைமுறையில் மெதுவாக வரும் பந்து தாடையில் பட்டும் உள்ளே விழக்கூடும். வேகமாக வரும் பந்து அவ்வாறு விழுவதில்லை. எனவே ஒரே குழி மெதுவான அடிக்கு அகலமாகவும் வேகமான அடிக்குக் குறுகலாகவும் செயற்படுகிறது. குழி குறுகும்போது மிகுதியாகப் பாதிக்கப்படுவன வேகமான அடிகளும், குஷனை ஒட்டி நீண்ட தூரம் செல்லும் அடிகளும் ஆகும்.

துணியின் நிலையும் இதில் பங்கு கொள்கிறது. புதிய வழவழப்பான துணியில் தாடையில் பட்ட பந்து வழுக்கி உள்ளே சென்றுவிடும். பழைய துணியிலும், ஈரப்பதம் மிகுந்த சூழலிலும், சுண்ணப்பொடி படிந்த மேசையிலும் அதே பந்து தாடைகளுக்கிடையே ஆடி வெளியே நின்றுவிடும்.

தொழில்முறை ஆட்டத்தில் விளைவுகள்

வெள்ளைப் பந்தின் கட்டுப்பாடு

பூலில் ஒரு பந்தை வீழ்த்துவதைவிட, அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவதே கடினமான பணியாகும். அகலமான குழியில் ஆட்டக்காரர் இலக்குப் பந்தைக் குழியின் நடுவில் செலுத்த வேண்டியதில்லை. வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் செலுத்தி, அதன்மூலம் வெள்ளைப் பந்து விலகும் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம். நேர்கோட்டில் சிக்கிய வெள்ளைப் பந்தையும் இம்முறையால் பக்கவாட்டில் நகர்த்த இயலும். குழி குறுகும்போது இவ்வசதி பெரும்பாலும் இல்லாமற் போகிறது. ஆகவே முந்தைய அடியிலேயே சரியான கோணத்தைப் பெற்றுவிட வேண்டிய தேவை ஏற்படுகிறது.

வேகமாக அடித்து வெள்ளைப் பந்தை மேசை முழுவதும் சுற்றிக் கொண்டுவரும் அடிகளும் குறைகின்றன. குறுகிய தூரத்தில், மிதமான வேகத்தில் வெள்ளைப் பந்தை நகர்த்தும் ஆட்டக்காரர்கள் இதனால் பயனடைகின்றனர்.

தற்காப்பு ஆட்டம்

நீண்ட தூர அடியில் வெற்றி வாய்ப்பு குறையும்போது, ஆட்டக்காரர் பந்தை வீழ்த்த முயல்வதற்குப் பதிலாக எதிராளிக்கு நேரான அடி கிடைக்காதவாறு வெள்ளைப் பந்தை மறைத்து வைப்பதைத் தேர்ந்தெடுக்கிறார். இதனால் தற்காப்பு அடிகளும், குஷனில் மோதவைத்துப் பந்தைத் தொடும் மீட்பு அடிகளும் கூடுகின்றன. ஒருவர் தொடர்ந்து பல ஆட்டங்களை முடிக்க, மற்றவர் நாற்காலியில் அமர்ந்தே தோற்பது ஒன்பது பந்து ஆட்டத்தின் குறையாகக் கூறப்பட்டு வந்தது. குறுகிய குழிகள் இருவருக்கும் மேசைக்கு வரும் வாய்ப்பை அளிக்கின்றன என்பது ஆதரவாளர்களின் வாதம்.

ஆட்டம் மெதுவாகிறது, துணிச்சலான அடிகள் மறைகின்றன, பார்வையாளர் விரும்பும் சரளம் கெடுகிறது என்பன எதிர்ப்பாளர்களின் வாதங்கள். ஆயினும் 4 அங்குலக் குழிகளிலும் முன்னணி ஆட்டக்காரர்கள் அடுத்தடுத்துப் பல ஆட்டங்களை முடித்துள்ளனர்.

தொடக்க அடி

குழியைக் குறுக்குவது எல்லாச் சிக்கல்களையும் தீர்ப்பதில்லை. ஒன்பது பந்து ஆட்டத்தில் பந்துகள் இடைவெளியின்றி அடுக்கப்பட்டால், தொடக்க அடியில் ஓரப் பந்து ஏறக்குறைய மாறாத பாதையில் மூலைக் குழிக்குச் செல்கிறது. இதைக் கட்டுப்படுத்த ஒன்பதாம் பந்தை மேசைப் புள்ளியில் வைத்து அடுக்குதல், தொடக்க அடிக்கான இடத்தை ஒரு கட்டத்துக்குள் வரையறுத்தல் முதலிய விதிகள் கொண்டுவரப்பட்டன. பத்துப் பந்து ஆட்டத்தை விரும்புவோர், குழியை மாற்றுவதைவிட ஆட்ட வகையை மாற்றுவதே பொருத்தமானது எனக் கருதுகின்றனர்.

பொழுதுபோக்கு ஆட்டத்தில் விளைவுகள்

தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சவாலாக இருக்கும் குழி, வாரத்தில் ஒரு நாள் விளையாடுவோருக்குத் தடையாக அமையலாம். புதியவர் ஒருவர் எட்டுப் பந்து ஆட்டத்தில் தமக்குரிய ஏழு பந்துகளையும் பின்னர் எட்டாம் பந்தையும் வீழ்த்த வேண்டும். குறுகிய குழிகளில் ஒவ்வொரு பந்துக்கும் பல முயற்சிகள் தேவைப்படுவதால் ஆட்டம் நீள்கிறது. ஓரளவு சரியாக அடிக்கப்பட்ட பந்தும் தாடையில் ஆடி நின்றுவிடுவதால், எது சரி எது தவறு என்பதைக் கற்போர் பிரித்தறிவதும் கடினமாகிறது.

இதனாலேயே பல பூல் கூடங்கள் பெரும்பாலான மேசைகளில் அகலமான குழிகளை வைத்து, தேர்ந்தவர்களுக்கென ஓரிரு மேசைகளை மட்டும் குறுக்கி வைக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் மதுக்கூடங்களில் காணப்படும் நாணயமிட்டு விளையாடும் ஏழடி மேசைகளில், தூரம் குறைவாக இருப்பதால் அதே அகலமுள்ள குழியும் எளிதாகிறது. அந்நாட்டின் பொழுதுபோக்குக் குழுப் போட்டிகள் பலவும் இத்தகைய மேசைகளிலேயே நடைபெறுகின்றன.

திறன் வேறுபாடுள்ள இருவர் விளையாடும்போது குறுகிய குழி யாருக்குச் சாதகம் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. துல்லியம் மிக்கவருக்கே அது சாதகம் என்பது ஒரு கருத்து. தேர்ந்தவர் ஒரே முறையில் மேசையைத் துடைத்து முடிப்பது குறைவதால், மற்றவருக்குக் கூடுதல் வாய்ப்புக் கிடைக்கிறது என்பது மாற்றுக் கருத்து.

பயிற்சிக்குப் பயன்படுத்தல்

குறுகிய குழிகளில் பயிற்சி செய்தால் குறிபார்ப்பும் கோலை நேராகச் செலுத்தும் திறனும் கூர்மையடையும் எனப் பலர் கருதுகின்றனர். சிறு பிழையும் உடனே வெளிப்படுவது இதற்குக் காரணம். மறுபுறம், எப்போதும் குறுகிய குழிகளில் மட்டும் விளையாடுபவர் வெள்ளைப் பந்தைத் தாராளமாக நகர்த்தத் தயங்கும் பழக்கத்தைப் பெறலாம். அகலமான குழியின் ஒரு பக்கத்தைப் பயன்படுத்தும் நுட்பமும் அவருக்குக் கைவராமற் போகலாம். இரு வகை மேசைகளிலும் மாறி மாறி விளையாடுவது இக்குறையைத் தவிர்க்கும்.

சாதனைகளை ஒப்பிடுதலில் சிக்கல்

தொடர்ந்து எத்தனை பந்துகளை வீழ்த்தலாம் என்பதே அளவுகோலாக உள்ள ஸ்ட்ரெயிட் பூல் வகையில், மேசை வேறுபாடு முக்கியமானது. வில்லி மொஸ்கோனி 1954 இல் ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தொடர்ந்து 526 பந்துகளை வீழ்த்தினார். அது எட்டடி மேசையாகும். அதன் குழிகளும் இன்றைய போட்டி மேசைகளைவிட அகலமானவை. ஜான் ஷ்மிட் 2019 இல் கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் ஒன்பது அடி மேசையில் 626 பந்துகளையும், ஜேசன் ஷா 2022 இல் 714 பந்துகளையும் வீழ்த்தினர். மேசையின் நீளம், குழியின் அகலம், துணி, பந்து ஆகிய அனைத்தும் மாறியுள்ளதால் இவ்வெண்களை நேரடியாக ஒப்பிட்டு ஆட்டக்காரர்களின் திறனைத் தரப்படுத்த இயலாது.

பிற விளையாட்டுகளுடன் ஒப்பீடு

ஸ்னூக்கர்: 1875 இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் உருவாக்கியதாகக் கூறப்படும் இவ்விளையாட்டின் விதிகள் பின்னர் உதகமண்டலத்தில் உள்ள ஊட்டி கிளப்பில் வகுக்கப்பட்டன. பந்தின் விட்டம் 52.5 மி.மீ.; மூலைக் குழி ஏறத்தாழ 3.5 அங்குலம். தாடைகள் வளைவாக இருப்பதால், குஷனை ஒட்டி வரும் பந்து சிறு பிழையிலும் வெளியே தள்ளப்படுகிறது.

சீன எட்டுப் பந்து: ஒன்பது அடி மேசையில் பூல் பந்துகளும் ஸ்னூக்கரைப் போன்ற வளைந்த தாடைகளும் பயன்படுத்தப்படுகின்றன. மூலைக் குழி சுமார் 85 மி.மீ. ஆகும்.

ரஷ்யப் பிரமிடு: பந்தின் விட்டம் 68 மி.மீ.; மூலைக் குழியின் வாய் 72 முதல் 73 மி.மீ. மட்டுமே. பந்துக்கும் குழிக்கும் உள்ள வேறுபாடு 5 மி.மீ. அளவே இருப்பினும், இவ்விளையாட்டு தனக்கேற்ற விதிகளுடனும் உத்திகளுடனும் வளர்ந்துள்ளது.

குழி குறுகுவதால் மட்டும் ஒரு விளையாட்டு கெடுவதில்லை என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்படுகின்றன. எனினும் இவற்றின் விதிகள் தொடக்கம் முதலே குறுகிய குழிகளுக்கேற்ப அமைந்தவை. பூலின் விதிகளோ அகலமான குழிகளைக் கொண்டு உருவானவை.

குழிகளைக் குறுக்கும் முறைகள்

ஏற்கெனவே உள்ள மேசையின் குழிகளை இரு முறைகளில் குறுக்கலாம். தாடைகளின் மேல் கூடுதல் ரப்பர் பட்டைகளை ஒட்டுவது முதல் முறை. இது எளிதானது, செலவும் குறைவு. ஆனால் பட்டைகள் தடிமனாகும்போது பந்து தாடையில் மோதித் திரும்பும் தன்மை மாறி, நல்ல அடியும் வெளியே தள்ளப்படுவதுண்டு. குஷனின் மரச்சட்டத்தையும் ரப்பரையும் நீட்டி, சரியான கோணத்தில் மீண்டும் வெட்டுவது இரண்டாவது முறை. இதற்குத் தேர்ந்த மேசைப் பணியாளர் தேவை. ஆயினும் குழி சீராகச் செயற்பட இதுவே சிறந்த முறையாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

ஒன்பது பந்து
எட்டுப் பந்து
ஸ்ட்ரெயிட் பூல்
ஸ்னூக்கர்
ரஷ்யப் பிரமிடு